முகவர் ‘கிடைக்காது’ என்றால் அதோடு முடிந்ததா? சுகாதாரக் காப்புறுதியும் மாத்தளைக் குடும்பங்களும்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளரிடம் கட்டணம் அறவிடுவது 1951ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. இன்றும் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சாதாரண வார்டில் படுத்திருப்பதற்கோ, அங்கே செய்யும் சத்திரசிகிச்சைக்கோ யாரும் பணம் கேட்பதில்லை. இருந்தும் தோட்டத்து லயங்களிலும் நகரத்து வாடகை வீடுகளிலும் பல அலுமாரிகளுக்குள் காப்புறுதிப் பத்திரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மாதா மாதம் அதற்குப் பணமும் கட்டப்படுகிறது.

காரணம் எளிது. வைத்தியம் இலவசம், நோய் இலவசமில்லை. ஒரு கிழமை வார்டில் இருந்தால் ஒரு கிழமை நாட்சம்பளம் போகும். துணைக்கு நிற்பவரின் சம்பளமும் போகும். பெரிய சோதனைக்கோ விசேட வைத்தியரிடமோ அனுப்பினால் 25 கிலோமீற்றர் தள்ளியுள்ள கண்டிக்குப் போக வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்லும் துண்டு பழகிப்போன ஒன்றாகிவிட்டது. இந்தச் செலவுகளுக்குத்தான் மக்கள் காப்புறுதியை நம்புகிறார்கள்.

ஆனால் நோய் வந்து, கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்த பிறகு, “உங்களுக்குக் கிடைக்காது” என்று முகவர் தொலைபேசியில் சொன்னால், பெரும்பாலான குடும்பங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த ‘கிடைக்காது’ ஒரு தீர்ப்பு அல்ல. அதைக் கேள்விக்குட்படுத்த இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு முறையிடக் கட்டணமும் இல்லை. அந்த வழியில் போவதற்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு தாள்: மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் சொல்லும் கடிதம்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

‘இன்சூரன்ஸ்’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் வெவ்வேறு திட்டங்கள். எது தவறினால் யாரிடம் கேட்பது என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும்.

முதலாவது, தனியார் அல்லது அரசுக்குச் சொந்தமான காப்புறுதிக் கம்பனியிடம் முகவர் மூலம் எடுத்த பத்திரம். பெரும்பாலும் இது ஆயுள் காப்புறுதி. அதோடு, வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் பிரிவு இணைக்கப்பட்டிருக்கும். அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றாலும் இத்தகைய நாள் கொடுப்பனவைக் கோரலாமா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். பல பத்திரங்களில் அதற்கு இடமுண்டு. “செலவே இல்லையே, எதைக் கோருவது” என்று நினைத்துக் கோராமல் விடுவது வீண் நட்டம்.

இரண்டாவது, கைத்தொலைபேசி மீதியிலிருந்து நாளாந்தம் சில ரூபாய்களாகக் கழியும் சிறு காப்புறுதி. எப்போதோ வந்த அழைப்புக்கு ‘சரி’ என்று சொன்னதை மறந்தே போயிருப்பார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியிலும் அப்படி ஏதும் கழிகிறதா என்று பார்ப்பது நல்லது. கழிகிறதென்றால் நீங்களும் காப்புறுதி பெற்றவரே.

மூன்றாவது, அரச ஊழியர்களுக்கான ‘அக்ரஹார’ காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இதை நடத்துகிறது. மாதச் சம்பளத்திலிருந்து ஒரு தொகை கழிக்கப்படும். ஊழியரின் குடும்பத்தவரும் இதற்குள் அடங்குவர். ஆசிரியர், தாதியர், கிராம உத்தியோகத்தர் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு வீட்டில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் ‘அரச ஊழியர்’ என்ற வகைக்குள் வருவதில்லை. அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் தோட்டமாக இருந்தாலும் கொழுந்து பறிப்பவருக்கு இதில் பங்கில்லை.

நான்காவது, பாடசாலை மாணவர்களுக்கான ‘சுரக்ஷா’. 2017இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. பெற்றோர் இதற்குப் பணம் கட்டுவதில்லை. பிள்ளை வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றாலோ, விபத்தில் சிக்கினாலோ, அதிபர் வழியாகக் கோரிக்கை அனுப்பலாம். வைத்தியசாலைக் கடதாசிகள் கையில் இருக்கும்போதே பாடசாலையில் கேட்டுவிட வேண்டும். பிள்ளை சுகமாகிப் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் கடதாசியும் தொலைந்துவிடும், கதையும் மறந்துவிடும்.

காப்புறுதி அல்லாத உதவிகளும் உண்டு. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஜனாதிபதி நிதியம், இருதய சத்திரசிகிச்சை, புற்றுநோய், சிறுநீரக நோய் போன்ற பெரிய சிகிச்சைகளுக்குக் குறைந்த வருமானமுள்ளோருக்குப் பண உதவி வழங்குகிறது. முன்பு இதற்குக் கொழும்புக்கே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. இரத்தோட்டையிலோ உக்குவளையிலோ இருப்பவர் இனி அதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சிகிச்சைக்குத் திகதி குறித்தவுடனேயே போய் விசாரியுங்கள். முடிந்த பிறகு போவது சிக்கலாகலாம்.

‘அஸ்வெசும’ திட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகளையும் மறக்கக்கூடாது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வில்கமுவ போன்ற மாத்தளைப் பகுதிகளையும், வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளையும் ஒருசேரத் தாக்கிய நோய். ஏ9 வீதியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கேள்விதான் எழுகிறது: கிழமைக்கு இரண்டு, மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் எப்போது வேலைக்குப் போவது?

உடம்பிலுள்ள ஷெல் துண்டும் படிவத்திலுள்ள கேள்வியும்

1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே யுத்தத்தையும் கண்டன. அவர்களில் சிலர் மீண்டும் உறவினரிடம் மலையகத்துக்கு வந்தார்கள். பலர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் வடக்கு, கிழக்கில் யுத்தத்தில் காயப்பட்ட எல்லோருக்கும் காப்புறுதிப் படிவத்தில் ஒரு கேள்வி விசேடமானது: “இதற்கு முன் உங்களுக்குப் பாரிய காயம், சத்திரசிகிச்சை, நீண்டகால நோய் ஏதும் இருந்ததா?”

முகவர் இந்தக் கேள்வியை வாசித்துக் காட்டாமலே ‘இல்லை’ என்று அடையாளமிட்டுப் போய்விடலாம். அல்லது, “அதையெல்லாம் எழுதினால் பிரச்சினை அக்கா, விடுங்க” என்று சொல்லலாம். பத்திரம் கிடைக்கும், பணமும் கட்டுவீர்கள். கோரிக்கை வரும் நாளில்தான் கம்பனி பழைய வைத்தியசாலைப் பதிவுகளைப் பார்க்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 2009இல் வலது தொடையில் ஷெல் துண்டு பாய்ந்த ஒரு பெண் இப்போது இரத்தோட்டைப் பக்கம் தங்கையின் வீட்டில் இருக்கிறார். மூன்று வருடமாகக் காப்புறுதி கட்டுகிறார். டெங்குக் காய்ச்சலில் ஐந்து நாள் வார்டில் இருந்துவிட்டு நாள் கொடுப்பனவு கோருகிறார். டயக்னோசிஸ் காட்டில் வைத்தியர் பழைய காயத்தையும் ஒரு வரியில் குறித்திருக்கிறார். “முன்பிருந்த காயத்தை மறைத்துவிட்டீர்கள்” என்று கோரிக்கை மறுக்கப்படுகிறது.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காப்புறுதி என்பது இரு தரப்பும் உண்மையைச் சொல்லும் என்ற நம்பிக்கையில் எழும் ஒப்பந்தம். தெரிந்த விபரத்தைச் சொல்லாமல் விட்டால் கம்பனிக்கு மறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்துவிடும். கையெழுத்து உங்களுடையது என்பதால் “முகவர்தான் எழுதினார்” என்று நிரூபிப்பது கடினம். அதேவேளை, தொடைக் காயத்துக்கும் டெங்குவுக்கும் என்ன சம்பந்தம், முகவர் அந்தக் கேள்வியைக் கேட்டாரா, படிவம் எந்த மொழியில் நிரப்பப்பட்டது என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றைக் கேட்பதற்கென்றே முறைப்பாட்டு வழிகள் இருக்கின்றன. அந்தப் பெண் வெல்வாரா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. முறையிடாவிட்டால் தோற்பது நிச்சயம்.

இனிமேல் பத்திரம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காயத்தை எழுதுங்கள். எப்போது, எந்த இடத்தில், இப்போது சிகிச்சை தேவைப்படுகிறதா என்று மட்டும் எழுதினால் போதும். எப்படிக் காயம் வந்தது என்ற வரலாற்றை முகவரிடம் விரிக்க வேண்டியதில்லை. கம்பனி அந்தக் காயத்தோடு தொடர்பான சிகிச்சையை மட்டும் விலக்கிவிட்டுப் பத்திரம் தரலாம். அது குறைபாடுதான். ஆனாலும் டெங்குவுக்கும் நெஞ்சுவலிக்கும் உங்கள் பத்திரம் உறுதியாக நிற்கும். யுத்தம், கலவரம் போன்றவற்றால் இனி ஏற்படும் காயங்களைப் பொதுவாகப் பத்திரங்கள் விலக்கி வைக்கின்றன என்பதையும், அந்த விலக்கு வேறு, பழைய காயத்தைப் பற்றிய கேள்வி வேறு என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். யுத்தத்தில் காயப்பட்டதற்கான இழப்பீட்டை 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்திடமே கேட்க வேண்டும். அது காப்புறுதியோடு சேராது.

மறுத்துவிட்டார்கள்: மூன்று படிகள்

முதற்படி, கம்பனியின் தலைமை அலுவலகம். முகவரிடமோ கிளை அலுவலகத்திடமோ வாய்மொழியாகப் பேசி முடிக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீண்ட கடிதம் தேவையில்லை. இவ்வளவு போதும்: “இன்ன இலக்கப் பத்திரத்தின் கீழ் இன்ன திகதியில் நான் சமர்ப்பித்த கோரிக்கை மறுக்கப்பட்டதாக அறிகிறேன். பத்திரத்தின் எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்து மூலம் தமிழில் அறியத் தாருங்கள். நான் ஒப்பமிட்ட முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் அனுப்பி வையுங்கள்.” கடிதத்தின் பிரதியையும் தபாலகம் தரும் பற்றுச்சீட்டையும் ஒன்றாக ஊசி குத்தி வையுங்கள்.

இரண்டாம்படி, காப்புறுதி ஒம்புட்ஸ்மன். காப்புறுதிக் கம்பனிகளின் சங்கம் 2005இல் உருவாக்கிய ஏற்பாடு இது. அரசாங்க அலுவலகம் அல்ல. துறையே நடத்தும் இணக்கப்பாட்டு வழி. முறையிடுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. சட்டத்தரணியும் தேவையில்லை. ஆனால், முதலில் கம்பனியிடம் கேட்டிருக்க வேண்டும், விடயம் நீதிமன்றத்தில் இருக்கக்கூடாது. முதற்படியில் அனுப்பிய கடிதம் இங்கேதான் உதவுகிறது. கம்பனியிடம் கேட்டதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இதுதான் அரசின் நிறுவனம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் காப்புறுதிச் சபை என்ற பெயரில் அமைந்து, 2017ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஆணைக்குழு என்ற பெயரைப் பெற்றது. கம்பனிகளுக்கு அனுமதி கொடுப்பதும் கண்காணிப்பதும் இதன் வேலை. பத்திரம் வைத்திருப்பவர்களின் நலனைப் பாதுகாப்பதே இதன் நோக்கமென்று சட்டமே சொல்கிறது. பத்திரதாரர்களின் முறைப்பாடுகளை இது விசாரித்து, கம்பனியிடம் விளக்கம் கேட்கும். அனுமதியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் கேட்கும் கேள்விக்குக் கம்பனி பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்த வழிகளில் போனதால் நீதிமன்றம் செல்லும் உரிமை பறிபோய்விடாது. பணவசதி இல்லாதவருக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவச ஆலோசனை தருகிறது. எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு என்பதால் “பிறகு பார்ப்போம்” என்று வைத்துவிடாதீர்கள்.

அக்ரஹார, சுரக்ஷா, ஜனாதிபதி நிதியம் போன்ற அரச திட்டங்களில் இழுபறி என்றால் வேறொரு கருவியும் கையில் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். “எனது விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் உள்ளது, மறுக்கப்பட்டிருந்தால் எந்தச் சுற்றறிக்கையின்படி” என்று அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கோப்பு மேசையடியில் கிடக்கும்போது இந்த ஒரு தாள் அதை மேசைக்கு மேலே கொண்டுவரக்கூடும்.

மொழி, முகவரி, பெயர்

மாத்தளை மாவட்டத்தில் நிர்வாக மொழி சிங்களம். அதனால் தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வேறு சொல்கிறது: சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும், அரச அலுவலர் ஒருவரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமை உண்டு. ஆகவே பிரதேச செயலகத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் பதில் வந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள்; தராவிட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தனியார் கம்பனியிடமும் படிவத்தையும் பத்திரத்தையும் தமிழில் கேளுங்கள். வாசிக்க முடியாத தாளில் ஒப்பமிடுவதே பல கோரிக்கைகள் பிறகு விழுந்துபோகக் காரணம்.

தோட்டக் குடும்பங்களுக்கு முகவரியே ஒரு தடை. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் யாரோ கைமாறி வருவது பழைய முறைப்பாடு. “30 நாட்களுக்குள் பதில் தருக” என்ற கடிதம் 40ஆம் நாள் கையில் கிடைத்தால் என்ன செய்வது? நம்பகமான முகவரி உள்ள உறவினரின் விலாசத்தைத் தொடர்பு முகவரியாகக் கொடுங்கள். கடித உறையைக் கிழித்து எறியாதீர்கள். எப்போது வந்தது என்பதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி.

பெயரும் அப்படித்தான். அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னோர் எழுத்து, டயக்னோசிஸ் காட்டில் சிங்களத் தாதி காதில் விழுந்தபடி மூன்றாவது எழுத்து. வைத்தியசாலையில் அனுமதிக்கும்போதே அடையாள அட்டையைக் காட்டி, அதிலுள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால், மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் பெறலாம். கம்பனி சத்தியக்கடதாசி கேட்டால் சமாதான நீதவானிடம் போகலாம். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள், நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற்று வைப்பது நல்லது.

ஒரு பைலில் இவை இருக்கட்டும்: பத்திரம், முன்மொழிவுப் படிவத்தின் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், வெளியே வாங்கிய மருந்தின் துண்டும் பில்லும். மூலப்பிரதியைக் கொடுக்கும் முன் தொலைபேசியிலாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இல்லாதது

கடல் தாண்டிப் பார்த்தால் சில விடயங்கள் தெளிவாகும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் விதிகளின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனின் தீர்ப்பு கம்பனியைக் கட்டுப்படுத்தும். சென்னை அலுவலகம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொறுப்பு. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வருமான வரம்பின்றிச் சேர்க்கப்படுகிறார்கள். அங்கே உறவினர் இருந்தால், அட்டை எடுத்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், மாநிலங்களில் காப்புறுதி நுகர்வோர் உதவித் திட்டங்களை அமைக்க மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. கோரிக்கை மறுக்கப்பட்டவரோடு உட்கார்ந்து மேன்முறையீடு எழுதிக் கொடுப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. எந்தக் கம்பனி எந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கிறது என்ற பதிவையும் அவை சேர்த்து அரசிடம் கொடுக்கின்றன.

இலங்கையில் சட்டம் இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் அது கொழும்பில் இருக்கிறது. எல்கடுவையில் உள்ள ஒரு தாய்க்கும் அந்த ஆணைக்குழுவுக்கும் நடுவில், படிவத்தை வாசித்துச் சொல்லவும் கடிதம் எழுதிக் கொடுக்கவும் அரசு நியமித்த ஒருவர் இல்லை. அந்த இடத்தில் இன்று இருப்பவர், பத்திரத்தை விற்ற முகவரே. விற்றவரிடமே விற்பனையைப் பற்றிய முறைப்பாட்டையும் ஒப்படைத்தால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜனாதிபதி நிதியத்தின் விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுவர முடிந்ததென்றால், காப்புறுதி முறைப்பாட்டையும் அங்கே ஏற்று ஆணைக்குழுவுக்கு அனுப்ப முடியாதா? பிரதேச செயலகத்தில் மாதத்தில் ஒரு நாள், தமிழ் தெரிந்த ஓர் அலுவலர், ஒரு மேசை. கேட்பது இவ்வளவே. தொழிற்சங்கங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் சம்பளக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அதுவரை, உங்கள் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த மேசையாக இருக்க முடியும். பக்கத்து வீட்டு அம்மாவின் பத்திரத்தை ஒருமுறை வாங்கி வாசியுங்கள். மறுத்துவிட்டதாகச் சொன்னால், “எழுத்தில் தந்தார்களா அம்மா?” என்று கேளுங்கள். தரவில்லையென்றால் அந்த நான்கு வரிக் கடிதத்தை அவர் பெயரில் எழுதி, ஒப்பம் வாங்கி, பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள்.